பெயர் கேட்டவர்கள்

தோட்டத்துக் கிராணி உத்தியோகத்தில் நமக்கு வாய்த்த வேலை பெயர்களை எழுதுவது. விடியுமுன் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று செக்ரோலில் குறிப்போம். பெயர் உள்ளவரை சம்பளம். சம்பளம் உள்ளவரை வீடு. பெயரை அடித்தால் வீடும் போயிற்று. இன்று அப்பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. ஆனால் பெயரை அடிப்பது நின்றபாடில்லை. நாம் கற்ற ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் இதற்கே பயன்பட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் நடந்தது ஒன்று. பால்மரம் வெட்டிப் பழகி, பின்னர் எண்ணெய்ப்பனைக்கு மாறி, ஆயுள் முழுவதையும் ஒரே தோட்டத்திற்குக் கொடுத்த முதியவர் ஒருவரின் பெயரை நீக்கும் நாள் வந்தது. அவர் ஆபீசு வாயிலில் நின்று, "கிராணி ஐயா, வீட்டை எப்போது விடவேண்டும்?" என்று கேட்டார். தேதியைச் சொன்னோம். விதியையும் எடுத்துச் சொன்னோம். "எங்கே போவீர்கள்?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லும் பதிலை நின்று கேட்கவேண்டுமே! அதற்கு நமக்குத் துணிவில்லை. அவர் எங்கே போனார் என்பது இன்றும் நமக்குத் தெரியாது.

நிற்க. அண்மையில் சிங்கப்பூரிலுள்ள தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். கிறிஸ்தவ சபையொன்றைச் சேர்ந்த அவர் மகன், இரவு தன் தோழர்களுடன் கேலாங்குக்குப் போவதாகச் சொன்னான். கேலாங் என்றதும் நாம் முகத்தைச் சுளித்தோம். அவ்வூர்ப் பெயர் எதனால் கெட்டது என்பதை அறியாதார் யார்? "அங்கே இரவில் உங்களுக்கு என்ன வேலை?" என்றோம். "வீடில்லாத சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள், மாமா" என்றான்.

கேலாங் சாலையும் சிம்ஸ் அவென்யூவும் இணையாக ஓடுகின்றன. ஒற்றைப்படை எண் பெற்ற லோரோங்குகள் ஒருபுறமும், இரட்டைப்படை எண் பெற்றவை மறுபுறமும் கிளைக்கின்றன. நள்ளிரவிலும் டுரியான் கடைகளிலும் தவளைக் கஞ்சிக் கடைகளிலும் விளக்கு அணைவதில்லை. அவ்வெளிச்சம் எட்டாத இடத்தில், பூட்டிய கடையொன்றின் முன்னே, ஐந்தடிப் பாதையில் அட்டையை விரித்து ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நமது கையில் ரொட்டிப் பொட்டலம் இருந்தது. அதை நீட்டிவிட்டு நகர்வதே நமது எண்ணம்.

மருமகனோ அவரருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நின்றுகொண்டு பேசாதீர்கள்" என்றான். உட்கார்ந்தோம். முதியவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். அவன் அவரது முழங்கால் வலியை விசாரித்தான். போன வாரப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவர் கோப்பிக் கடையில் மேசை துடைப்பவர். வாடகை வீட்டில் அவருக்கும் பாதி இடம் உண்டாம். உடன் குடியிருந்தவருடன் ஒத்துப்போகாமல் வெளியேறியவர். நாம் ஜொகூர்த் தோட்டத்தவர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நான் லயத்தில் பிறந்தவன், தம்பி" என்றார். நமது உத்தியோகத்தைக் கேட்டார். சொன்னோம். "அப்படியானால் பேர் எழுதுகிறவர்" என்று சிரித்துத் தமது பெயரைச் சொன்னார். அதை இங்கே அச்சிடமாட்டோம். அவர் அதை நம்மிடம் சொன்னது பேரேட்டில் ஏற்றுவதற்காக அன்று.

உழைக்காதவரே தெருவில் கிடப்பர் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி ஆய்வாளர் 2019இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், வீடின்றி வெளியில் உறங்குவோர் 921க்கும் 1,050க்கும் இடைப்பட்டவர் என்று கண்டனர். பேட்டி அளித்தவருள் பத்தில் ஆறுபேர் வேலை பார்ப்பவர்; அவர்களுட் பலர் துப்புரவாளரும் காவலாளியும். 2022இல் அரசாங்கம் எண்ணியபோது தெருவில் இருந்தவர் 530. இவர்களைத் தேடிச்சென்று நட்புக் கொள்ளும் பணியைச் செய்வது, 2014இல் கிறிஸ்தவ வாலிபர் தொடங்கிய 'ஹோம்லெஸ் ஹார்ட்ஸ் ஆஃப் சிங்கப்பூர்' என்னும் அமைப்பு. நமது மருமகனும் தோழரும் அதைச் சேர்ந்தவரல்லர்; எனினும் செல்லும் வழி அதுவே.

இதைப் படிக்கும் அன்பர்க்கு ஓர் ஐயம் எழும், நமக்கும் எழுந்தது. இது மதத்தில் சேர்க்கும் தந்திரமோ? திரும்பும் வழியில் மருமகனிடமே கேட்டோம். "அவர் ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம், சொல்லாவிட்டால் கோப்பி குடிப்போம்" என்றான். அம்முதியவர் நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது. புண்ணியத்துக்குச் சோறு போடுகிறவர் நம்மிடையே உண்டு. ஆள் சேர்ப்பதற்குச் சோறு போடுகிறவரும் உண்டு. இருவருமே வாங்குபவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. மறுவாரமும் வந்து முழங்காலை விசாரிப்பவன் வேறு வகை.

ரோமாபுரியில் 1968இல் பள்ளி மாணவர் சிலர் தொடங்கிய சந்த் எஜீதியோ என்ற கிறிஸ்தவ சமூகமும் ஏழைகளின் நட்பையே நெறியாகக் கொண்டது. 1983 ஜனவரி 31ஆம் நாள் அந்நகரின் தெர்மினி ரயில் நிலையத்தில் மொதெஸ்தா என்ற வீடற்ற மூதாட்டி, உடல் அழுக்கென்று ஆம்புலன்சில் ஏற்றப்படாமல் மாண்டார். ஆண்டுதோறும் அச்சமூகத்தார் கூடி, தெருவில் இறந்தோரை அவரவர் பெயர் சொல்லி நினைவுகூருகின்றனர். பெயரை அடிக்கும் உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு இச்செய்தி சுருக்கென்று தைத்தது.

நட்பு வீடாகிவிடாது. மழைச்சாரல் அடித்தால் நண்பனுள்ளவனும் நனைவான். வாடகையும் கூலியும் நேராக வேண்டும். அதற்குச் சர்க்காரும் முதலாளிகளும் பொறுப்பேற்க வேண்டும். ஆயினும் இருப்பிடம் கேட்டு மனுப்போட அம்முதியவர் தயங்கியபோது, உடன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நமது மருமகன். முன்பின் அறியாதவன் அழைத்திருந்தால் அவர் போயிருக்கமாட்டார்.

சென்ற மாதம் நமது தோட்டத்தில் மற்றொரு பெயரை நீக்கும் உத்தரவு வந்தது. ஒரு மூதாட்டி. ஆபீசு வாயிலில் நின்றவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டோம். "எங்கே போவீர்கள், அம்மா?" என்று கேட்டோம். பதில் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தீர்வு ஏதும் நமது கையில் இல்லை. தேதியைத் தள்ளிவைக்கும்படி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். பட்டணத்திலுள்ள அவர் மகளின் முகவரியைக் குறித்துக்கொண்டோம். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்முகவரிக்குப் போகிறோம்.