எறும்பு எழுத்து

கட்டாரிலிருந்து லீவில் வந்த மாமா எனக்கொரு மின்னூல் வாசிப்பான் கொண்டுவந்தார். இருப்பதில் விலை குறைந்தது. ஆறு அங்குலத் திரை. கறுப்பு, வெள்ளைத் துகள்களை அசைத்து எழுத்தைக் காட்டும் ஈ-இங்க் திரை அது. பக்கம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் தேவை என்பதால், ஒருமுறை சார்ஜ் பண்ணினால் வாரக்கணக்கில் வாசிக்கலாம். புத்தகம் வாங்க அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ் ஏறும் எங்கள் இறக்காமத்தில் இது பெரிய காரியம்.

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூத்தம்மாவுக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை. தட்டச்சு செய்யப்பட்ட நூலொன்றைத் திறந்து, எழுத்தைப் பெருப்பித்துக் காட்டினேன். முகம் மலர்ந்தது. "நம்மட பழைய கிதாபுகளையும் இப்படி ஓதலாமா மகள்?" என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக உள்ளன. அந்தச் சேவைக்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டவை. படத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பெருப்பிக்காவிட்டால் எழுத்துத் தெரியாது. "எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு" என்று மூத்தம்மா திருப்பித் தந்துவிட்டார்.

2007இல் முதல் கிண்டில் 399 டொலருக்கு வந்தது. 2024இல் வந்த மலிவான கிண்டில் ஏறத்தாழ 110 டொலர்தான். அதே ஆண்டில் நிறத்திரை வாசிப்பான்களும் வந்தன. அடுத்த தலைமுறையில் மலிவான கருவிக்கும் நிறம் வரும் என்றே நினைக்கிறேன்.

நான் கேட்பது நிறமல்ல. படத்திலுள்ள தமிழ் எழுத்தை இனங்கண்டு, வேண்டிய அளவில் அடுக்கித் தரும் வசதி கருவிக்குள்ளேயே வேண்டும். சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அக்கால அச்சில் 'லை', 'னை' போன்றவற்றின் வடிவமே வேறு. அதையும் கருவி படிக்கப் பழக வேண்டும். வலமிருந்து இடமாக ஓடும் அரபுத்தமிழையும் படித்துவிட்டால், மூத்தம்மாவுக்கு அன்றுதான் பெருநாள்.

இன்ஷா அல்லாஹ், அது வரும். அதுவரை இஷாவுக்குப் பின் பழைய நூலொன்றை நானே தட்டச்சு செய்கிறேன்; இரவுக்கு மூன்று பக்கம். சுபஹு தொழுதுவிட்டு மூத்தம்மா முதலில் கேட்பது தேநீரை அல்ல, அந்த மூன்று பக்கத்தைத்தான்.