இருபத்தொரு நாள் தாய்

நாவல் எழுதுகிறவனுக்கு அடைகாப்பது புதிய தொழில் அல்ல. ஒரு கருவை மாதக்கணக்காகச் சூட்டோடு வைத்திருந்து, கடைசியில் அது கூமுட்டை என்று தெரிந்துகொண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஆகையால், போன ஐப்பசியில் என் மருமகன் ஒரு தெர்மகோல் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, "மாமா, இதுதான் இன்குபேட்டர். முட்டையை வையுங்கள், குஞ்சு வரும்" என்றபோது எனக்குப் பயம் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பெட்டிக்குள்ளே ஒரு பல்ப், ஒரு சின்ன விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர், உஷ்ணத்தை எண்ணில் காட்டும் ஒரு கருவி. தாய் என்பது இவ்வளவுதான்! உஷ்ணம் 37.5 டிகிரி இருக்க வேண்டும். பழைய பாரன்ஹீட் கணக்கில் 99.5. காற்றில் ஈரம் முதல் 18 நாளும் 50, 55 சதவீதம். கடைசி மூன்று நாளும் 65-க்கு மேல். முட்டைகளை அதுவரை தினம் ஐந்து தடவையாவது புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

கடையில் விற்கும் பண்ணை முட்டையை ஆயுள் முழுவதும் அடைகாத்தாலும் குஞ்சு வராது. சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். பின்வீட்டு அப்பத்தா பன்னிரண்டு கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பெட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏந் தம்பி, கோழிக்கு என்ன கேடு வந்துச்சு? அது சும்மாதானே உக்காந்து கெடக்கு?"

நான் விடவில்லை. எகிப்து தேசத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மண் அடுப்புகளில் முட்டை பொரிக்கிறார்கள் என்பதையும், அங்குள்ள தொழிலாளி முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவான் என்பதையும், அந்த வித்தையைப் பற்றி ரெயோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1749-ல் புத்தகமே போட்டிருக்கிறார் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அப்பத்தா பொறுமையாகக் கேட்டாள். "அந்த ஊர்ல பருந்து இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை.

முட்டைகளுக்கு ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டேன். புரட்டியதை மறக்காமல் இருக்கத்தான். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்பது முட்டைகளில் சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்புகள். மூன்று வெறிச்சென்று இருந்தன. பதின்மூன்றாம் நாள் அடைமழையில் மின்சாரம் போய்விட்டது. நான் பதறினேன். என் மனைவிதான் கம்பளியை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினாள். "பெட்டைகூடத் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது?" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இருபதாம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடு உடையவில்லை; உள்ளே இருந்தபடியே குஞ்சு கத்துகிறது! பெட்டையாக இருந்தால் அடித்தொண்டையில் பதில் சொல்லும். குஞ்சு வெளியே வருமுன்பே தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டுவிடுகிறார்கள். என் பெட்டியிலோ விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஓடு விரிசல் விட்டது. நகத்தால் கொஞ்சம் உரித்து உதவலாமா என்று கை பரபரத்தது. கூடாது, உள்ளே ரத்தநாளங்கள் வற்றுமுன் உரித்தால் குஞ்சு செத்துப் போகும். மணிக்கணக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏழு பிழைத்து வந்தன. நாவல் முடித்த நாளில்கூட நான் அவ்வளவு கர்வப்பட்டதில்லை.

முதல் வாரம் அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்தேன். ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில், வெள்ளைக் கழிச்சல் வராமல் இருக்கக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். எல்லாம் புத்தகப்படி நடந்தது. புத்தகம் அத்துடன் முடிந்துவிட்டது.

ஒரு மாதமானதும் கொல்லையில் விட்டேன். ஒரு நாள் அப்பத்தாவின் கோழி திடீரென்று ஒரு விதமாகக் கத்திற்று. அதன் குஞ்சுகள் நொடியில் செடிக்கடியில் மறைந்தன. என்னுடையவை நடுவெயிலில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. நிழல் ஒன்று இறங்கிற்று; ஏழு ஆறாயிற்று.

அன்று கூண்டு கட்டினேன். கோழிவலை என்று கடையில் கொடுத்ததையே அடித்தேன். கதவுக்குத் தாழ்ப்பாளும் வாங்கினேன். ஆனால் அது நான்கு நாளாக என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. வாரப் பத்திரிகைக்குக் கதை அனுப்ப வேண்டிய அவசரம். கதவைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

ராத்திரி ஓட்டின்மேல் மரநாய் நடமாடும் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்பதுதானே என்று புரண்டு படுத்தேன். காலையில் கயிறு அவிழ்ந்து தொங்கிற்று. மூலையில் இரண்டு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. மற்ற நான்கைப் பற்றி எழுதப் போவதில்லை.

அப்பத்தா வந்து பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அடையும் வைக்கணும், காக்கவும் செய்யணும் தம்பி" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஐம்பது வருஷமாகத் தமிழ் எழுதுகிறேன். 'அடைகாத்தல்' என்ற சொல்லுக்குள் 'காத்தல்' இருப்பதை அன்றுதான் கண்டேன். சூட்டையும் ஈரத்தையும் பெட்டி பார்த்துக்கொண்டது. காவலை என்னிடம் விட்டிருந்தது. நான் தூங்கிவிட்டேன்.

பிறகு தெரிந்துகொண்டவை இவை: கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, திருடனை வெளியே நிறுத்தாது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலை வேண்டும். அதையும் ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். பெருச்சாளியும் நாயும் தோண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதாது, அதற்கு ஒரு கொக்கியும் வேண்டும். பகலில் கீரி, இரவில் மரநாய் என்று முறைவைத்து வருகிறார்கள். அந்தி சாயுமுன் தலையை எண்ணி அடைத்துவிட வேண்டும்.

மாசியில் மறுபடி பெட்டியில் முட்டை வைத்தேன். ஒன்பது பொரிந்தன. இந்தத் தடவை அப்பத்தா தன் அடைக்கோழியைப் பஞ்சாரத்தோடு கொண்டுவந்தாள். இருட்டியபின் அதன் கீழேயிருந்த முட்டைகளை எடுத்துவிட்டு, என் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சிறகுக்கடியில் நுழைத்தாள். விடிந்தபோது அது அவற்றைத் தன் பிள்ளைகள் என்றே நம்பி, கொக்கரித்து அழைத்துக்கொண்டிருந்தது. எகிப்தியர்களையும் ரெயோமூரையும் பற்றி அதனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கொல்லையில் அந்தக் குறிப்பிட்ட குரல் கேட்டால் ஒன்பது குஞ்சுகளும் ஓடி ஒளிகின்றன. நானும் பேனாவைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறேன்.