வந்து சேராத பாக்கெட்டுகள்

தெரிந்தே செய்த தப்பு இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதுகலைத் திட்டத்துக்காக, உடம்பில் கட்டிய சென்சார்களுக்கிடையே சிக்னல் எப்படிப் போகிறது என்று அளந்தேன். நெஞ்சில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ரிசீவர். அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், புளூடூத்தும் வைஃபையும் ஓடும் அதே அலைவரிசை. அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. உப்புத் தண்ணீர் நிறைந்த உடம்பு அந்த அலையை விழுங்கிவிடும். நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போக வேண்டுமென்றால் தோலை ஒட்டிச் சுற்றி வர வேண்டும், அல்லது சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சுவரும் இரும்பு பீரோவும் இருந்ததால் பிழைத்தேன். மைதானத்தின் நடுவே அந்த உதவி கிடையாது.

மைதானத்தில் எனக்காக நடந்தவர் விடுதிச் சமையல்கார அண்ணன். கனத்த உடம்பு. மத்தியானம் கிடைக்கும் ஒரு மணி நேர ஓய்வை எனக்குக் கொடுத்தார். நடந்து முடித்ததும், "தம்பி, நம்ம உடம்புல சிக்னல் வருதா?" என்றார். "நல்லா வருதுண்ணே" என்றேன்.

வரவில்லை. நொடிக்கு 10 பாக்கெட், அதாவது சின்னச் சின்னத் தரவுத் துண்டுகள், அனுப்பினோம். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. 412-க்கு அடுத்து 431 வந்திருந்தது. நடுவில் 18 பாக்கெட், ஏறக்குறைய 2 நொடி. அதற்குள் இதயம் இரண்டு முறையாவது துடித்திருக்கும். கோப்பு முழுக்க இப்படி ஓட்டைகள்.

நான் வந்த பாக்கெட்டுகளின் சிக்னல் வலிமையை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தேன். வராத பாக்கெட்டுக்கு வலிமை எண்ணே கிடையாது. அதனால் சராசரியில் சேராது. ரிசீவரால் படிக்க முடியாத அளவுக்குச் சிக்னல் தேயும் ஒவ்வொரு கணமும் கணக்கிலிருந்தே கழன்றுவிடும். இணைப்பு எவ்வளவு மோசமானாலும் சராசரி ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். எத்தனை பாக்கெட் தொலைந்தன என்று அட்டவணையில் சராசரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்திருந்தால் போதும். சமர்ப்பிக்க 9 நாள்தான் இருந்தது. வழிகாட்டி கேள்வி கேட்பாரே என்று பயந்து சேர்க்காமல் விட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு மாணவி என் அட்டவணையை நம்பி, இதயத்துடிப்புக் கருவியின் ரிசீவரை இடுப்புக்குப் பின்னால் வைத்தாள். துடிப்பு விட்டுவிட்டு வந்தது. "அண்ணா, என் ப்ரோக்ராம்லதான் எங்கேயோ தப்பு" என்று என்னிடமே வந்து நின்றாள். இரண்டு மாலை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அட்டவணையில் மறைத்ததைவிட அந்த இரண்டு மாலைகள்தான் என்னை அதிகம் அறுக்கின்றன.

நாலு மாதம் கழித்து ரிசீவரை முன்பக்கம் மாற்றிப் பார்த்து அவளே வழி கண்டுகொண்டாள். போன வாரம் பழைய கோப்பை எடுத்து, விடுபட்ட எண்களையும் எண்ணி, புது அட்டவணையோடு அவளுக்கு எழுதினேன். "அண்ணா, அந்த ரெண்டு நாளும் உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

தெரியும் என்று பதில் அனுப்பினேன்.