தப்பு பண்ணினது கடலா?

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல நீங்க என்ன பேசுவீங்க? கிரிக்கெட், அரியர், அப்புறம் கடவுள். எங்க ரூம்லயும் அதே வரிசைதான். நான் ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற பையன். ரூம்மேட்டுக்கு என்னைச் சீண்டுறதுதான் பொழுதுபோக்கு. “உங்க சாமி நல்லவர், எல்லாம் வல்லவர்னா, ஊர்ல ஏன்டா இவ்ளோ அக்கிரமம்?”

என்கிட்ட பதில் ரெடியா இருக்கும். கடவுள் நம்மைச் சாவி கொடுத்த பொம்மையா படைக்கலை. தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் கொடுத்தார். நேசிக்க முடியணும்னா, வெறுக்கவும் முடியணும் இல்லையா? அதைத் தப்பா யூஸ் பண்றது மனுஷன். புனித அகஸ்டின் காலத்திலேயே வந்த வாதம் இது. ‘சுதந்திரமாவும் இருந்து, எப்பவும் நல்லதையே தேர்ந்தெடுக்கிற மனுஷனை ஏன் படைக்கலை?’ன்னு 1955-ல் ஜே.எல்.மேக்கி மடக்கினார். ‘கடவுளே நல்லது செய்ய வெச்சா அது எப்படி நம்ம சுதந்திரம்?’னு ஆல்வின் பிளான்டிங்கா 1974-ல் திருப்பிக் கேட்டார். மனுஷன் பண்ற அக்கிரமத்துக்கு இந்தப் பதிலை இன்னிக்கும் நம்புறேன்.

2004, டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோட வந்தவங்களையே நூத்துக்கணக்குல கடல் கொண்டுபோச்சு. என் ரூம்மேட்டுக்கு நாகப்பட்டினம் பக்கம். ஜனவரியில திரும்பி வந்தான். தங்கச்சி இல்லை.

ஒரு ராத்திரி அவனே ஆரம்பிச்சான். “இதுல யாருடா தப்பா தேர்ந்தெடுத்தது? கடலா?”

வாயை மூடிட்டு இருந்திருக்கணும். நான், “ஆதாம் பாவம் செஞ்சதால இயற்கையே கெட்டுப் போய்...”ன்னு இழுத்தேன். தலையணையை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டான்.

அப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். இயற்கைப் பேரழிவுக்குக் கெட்ட ஆவிகளோட சுதந்திரம்கூட காரணமா இருக்கலாம்ங்கிறார் பிளான்டிங்கா. லாஜிக்படி அப்படி ஒரு சாத்தியம் இருந்தாலே அவர் வாதத்துக்குப் போதும். ஆனா, தங்கச்சியைப் பறிகொடுத்தவன்கிட்ட போய் அதைச் சொல்லிப் பாருங்க!

பைபிள்ல சீலோவாம் கோபுரம் இடிஞ்சு 18 பேர் செத்த சம்பவம் லூக்கா 13-ல் வருது. அவங்க மத்தவங்களைவிடப் பெரிய பாவிகள் இல்லைங்கிறார் இயேசு. கேட்டுக்கிட்டு இருந்தவங்களைத்தான் மனம் திரும்பச் சொல்றார். கோபுரம் ஏன் விழுந்ததுன்னு விளக்கவே இல்லை.

யோபு கதை இன்னும் உறைச்சது. எல்லாத்தையும் இழந்தவனைப் பார்க்க வந்த சிநேகிதங்க, ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம அவனோட தரையில உட்கார்ந்திருக்காங்க. அதுவரைக்கும் சரி. வாயைத் திறந்து ‘நீ பாவம் பண்ணியிருப்பே’ன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்பதான் கெட்டது. கடைசியில கடவுள் கோபப்படுறது கேள்வி மேல கேள்வியா கேட்ட யோபு மேல இல்லை, பதில் சொன்ன இவங்க மேல!

அன்னிக்கு ராத்திரி பாயைச் சுருட்டிக்கிட்டு நானும் மாடிக்குப் போனேன். அவன் தூங்கலை. பக்கத்துல விரிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டான்.

“நாளைக்கு ரெக்கார்டு நோட் வைக்கணுமாடா?”

“ஆமாடா.”

“உன்னோடதைக் கொடு. காலையில எழுதிக்கிறேன்.”