ரோத் கால்வாயில் ஒரு பெரம்பலூர்க்காரி

ஜெர்மனியில், நியூரம்பெர்க் நகரத்துக்குத் தெற்கே ரயிலில் அரை மணி நேரம் போனால் ரோத் வரும். மாவட்டத் தலைநகரம் என்றாலும் ஊரில் இருப்பவர்கள் 25,000 பேர்தான். மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் ஒன்றேகால் லட்சத்தைச் சற்றே தாண்டும். 2011 கணக்கெடுப்பில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லை. அந்தச் சின்ன மாவட்டத்தின் சாலையோரங்களில் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலும் ஜூலைத் தொடக்கத்தில், இரண்டு லட்சம் பேர் வந்து நிற்கிறார்கள். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பிறகு 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்களைப் பார்ப்பதற்காக.

இந்த டிரையத்லான் 1984இல் நூறு பேருக்கும் குறைவானவர்களோடு தொடங்கியது. நெடுந்தூர டிரையத்லானை எட்டு மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதரான லோதர் லேடர், 1996இல் அதைச் சாதித்தது இங்கேதான். 2024இல் அன் ஹௌக் 8 மணி 2 நிமிடம் 38 விநாடியில் முடித்துப் பெண்களின் உலகச் சாதனையைப் படைத்ததும் இதே பாதையில்தான். அவர் இதே மாநிலத்தின் பைராய்ட்டில் பிறந்தவர். அன்று அவருக்கு வயது 41. நான் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் தன்னார்வலராக நின்று டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏறக்குறைய அதே வயது. அடுத்த போட்டிக்கு நானும் பெயர் கொடுத்தேன்.

என் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். மேற்கே பச்சைமலை, சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். பெரியப்பா என் முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டபோது எனக்கு ஆறேழு வயது. கோடை விடுமுறையில் அந்தக் கிணறுதான் எங்களுக்கு எல்லாம். படியிலிருந்து குதிப்போம், மூச்சடக்கி அடிமண் எடுத்து வந்து காட்டுவோம். உயர்நிலைப் பள்ளிக்கு அண்ணனின் சைக்கிளில் போனேன். வயதுக்கு வந்ததும் கிணறு நின்றது. யாரும் அதட்டவில்லை. "இனிமே கெணத்துப் பக்கம் போவாத" என்று அம்மா ஒரு தடவை சொன்னதோடு சரி. கொஞ்ச நாளில் சைக்கிளும் அண்ணனுக்கே போய்விட்டது. திருச்சியில் நர்சிங் படித்து, வேலை பார்த்து, கல்யாணமாகி, ஜெர்மன் கற்று நியூரம்பெர்க்குக்கு வந்து சேர்ந்த இத்தனை வருடத்தில், எனக்கு நீந்தத் தெரியும் என்பதையே நான் யாரிடமும் சொன்னதில்லை.

மகளால்தான் அது திரும்ப வந்தது. இந்த நாட்டில் சின்னக் குழந்தைகளுக்குக் கடல்குதிரைப் பட்டை என்று ஒன்று தருகிறார்கள். குளத்தில் குதிக்க வேண்டும், 25 மீட்டர் நீந்த வேண்டும், தோளளவு ஆழத்தில் கிடக்கும் பொருளை எடுத்து வர வேண்டும். அந்தப் பட்டையை நீச்சலுடையில் தைத்துக்கொண்டு பிள்ளைகள் திரிவார்கள். மகளை அழைத்துப் போன இடத்தில் நான் கண்டது எழுபது வயதுப் பாட்டிமார்களை. காலை ஏழு மணிக்கு வந்து, அமைதியாக அரை மணி நேரம் நீந்திவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னை உலுக்கியது. நானும் இறங்கினேன். தலையைத் தூக்கிக்கொண்டு கையால் துழாவும் கிணற்று நீச்சல்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்செடுக்கும் முறையை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். இரவு ஷிப்ட் முடிந்த காலைகளில் சைக்கிள், விடுப்பு நாளில் நீண்ட ஓட்டம் என்று மெல்ல மெல்ல உடம்பு பழகியது.

போட்டி நாளில் மைன்-டான்யூப் கால்வாயில் கப்பல்களை நிறுத்திவிடுகிறார்கள். பீரங்கி வெடிக்க, கூட்டம் கூட்டமாக நீரில் இறக்குகிறார்கள். 1992இல் வெட்டி முடிக்கப்பட்ட அந்தக் கால்வாய் இரண்டு பெரிய நதிகளை இணைக்கிறது. மூச்செடுக்க முகம் திருப்பும்போதெல்லாம் கரையில் வரிசையாக மனிதர்கள் தெரிந்தார்கள். மனிதன் வெட்டிய நீர் என்றால் எங்கள் பக்கத்தாருக்குச் சோழகங்கம்தான் நினைவுக்கு வரும். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் வெட்டிய ஏரி அது, இன்று பொன்னேரி. நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. நீரைப் பெருமையாக நினைத்த மண் எங்களுடையது. அந்த எண்ணம் கைகளுக்குத் தெம்பாக இருந்தது.

சைக்கிள் பாதை கிரேடிங் அருகே ஃபிராங்கோனிய யூரா மலைத்தொடரில் ஏறுகிறது. அது ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லில் செய்த படிக்கட்டுகளிலும் ஜன்னல் திட்டுகளிலும் சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவங்களை இந்தப் பகுதியெங்கும் பார்க்கலாம். முதன்முதலில் அவற்றைக் கண்ட நாளில் நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்துக் காரையிலும் பக்கத்து அரியலூர்ச் சுரங்கங்களிலும் கிடைப்பதும் இதே வகை உயிரினங்களின் சுவடுகள்தான். எங்கள் கடல் இதைவிட இளையது, கிரிட்டேசியஸ் காலத்தது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கும் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடப்பதற்கும் காரணம் அந்தக் கடல்தான். இரண்டு ஊர்களும் கடல் விட்டுப்போன நிலங்கள் என்று தெரிந்த பிறகு, இந்த மேட்டை அந்நிய மண் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஹில்போல்ட்ஸ்டைன் ஊரை ஒட்டிய சோலார் மேட்டில் ஆயிரக்கணக்கானோர் சாலையை அடைத்து நிற்கிறார்கள். ஒரு சைக்கிள் போகும் அளவுக்குத்தான் வழி. தேர் வரும்போது கூட்டம் விலகுவதுபோல நம் முன்னால் திறந்து, பின்னால் மூடிக்கொள்கிறது. எண் அட்டையில் பெயர் இருப்பதால், முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார்கள்.

ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு வயிறு எதையும் ஏற்க மறுத்தது. தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரை எப்போதோ தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும் என்பது செவிலியான எனக்குத் தெரியும். உப்பு ரசம்போல ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, நடந்து, மறுபடி ஓடினேன். பந்தல்களில் நின்றவர்கள் தீயணைப்புத் தொண்டர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஊர்ச் சங்கத்தார். ஏழாயிரம் பேருக்கு மேல் இந்த ஒரு நாளுக்காக உழைக்கிறார்கள். நான் முடிக்கும்போது பதினான்கு மணி நேரம் கடந்திருந்தது. பகலிலேயே முடித்துவிட்ட முன்னணி வீரர்கள் இரவில் திரும்பி வந்து கடைசி ஆட்களை வரவேற்பது அந்த ஊரின் வழக்கம்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அத்தன தூரம் எதுக்கும்மா ஓடுன?"

"நிக்கச் சொல்ல யாருமில்லம்மா. அதான் ஓடுனேன்."

அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நானும் அந்தக் கெணத்துல நீந்துனவதான்." எனக்கு அது அதுவரை தெரியாது.

நீந்தத் தெரிந்த பெண்கள் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக இருந்திருக்கிறோம். இருவருமே அதை மறைத்து வைத்திருந்தோம். இந்த இழப்பு வெறும் மனக்குறை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். கோடை விடுமுறைதோறும் கிணற்றிலும் ஏரியிலும் கைவிடப்பட்ட கல்குவாரியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி நம் ஊர்களிலிருந்து வருகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது. அது பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே அக்கறை நீச்சலுக்கும் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும்.

டிரையத்லானிலும் சிறிய அளவு உண்டு: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். பாதுகாப்பான ஒரு நீச்சல் குளமும், அரை நாள் வண்டிகளை நிறுத்திய சாலையும், தண்ணீர் கொடுக்க இளைஞர் மன்றங்களும் இருந்தால் பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்து அதை நடத்தலாம். அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டி ஏரியில் நீந்தலாமே என்று தோன்றலாம். ஆனால் அது 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, பறவைகளின் இடம்; அதை அவற்றுக்கே விட்டுவிடுவோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் கோயில் திருப்பணிக்குத் தாராளமாக அனுப்புகிறோம். அதில் ஒரு பங்கை நீச்சல் பயிற்சிக்கு ஒதுக்கலாம். நானும் என்னோடு வேலை பார்க்கும் சிலரும் அதற்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.

வயதுக்கு வந்த பெண்ணும் நீந்தலாம், நாற்பது வயதுக்காரியும் ஓடலாம் என்று வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். அவள் நீந்துவதை ஊர் பார்க்க வேண்டும், ஒருமுறை பார்த்துக் கைதட்ட வேண்டும். ரோத் மக்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவருவது அந்த எளிய காரியத்தைத்தான். எங்கள் ஊராலும் அது முடியும்.