ஓர் எழுத்து குறைந்தால் மீன் விஷமாகும்! - காட்டுப்பள்ளியில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

மீஞ்சூரிலிருந்து கடலை நோக்கிக் கிழக்கே போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள்தான் ராஜா. அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனால், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். காட்டுப்பள்ளி வந்துவிட்டது.

ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதன்மேல் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2013-ல் துறைமுகம் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இங்கே இருப்பது மீன்.

'இந்த ஊருக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. மார்க்குக்காக ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளும், வேலைக்காக மாலை வகுப்புக்குப் போகிறவர்களும் சென்னையில் ஏராளம். உணவு பற்றிய பாடம் வந்தால் சீஸ், ஒயின், க்ரோசான் என்று வரிசை கட்டும். நம் வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்கள். அதனால் சொல்லும் மனதில் ஒட்டுவதில்லை.

காட்டுப்பள்ளிப் பக்கத்து மீன்கூடை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டால் பாடம் சுலபம். இறால், 'க்ரெவெத்'. நண்டு, 'க்ராப்'. மட்டி, 'பலூர்த்'. கழிமுகத்தில் துள்ளும் மடவை மீன், 'ம்யூலே'.

ஒரு மீனா, கொஞ்சம் மீனா?

பிரெஞ்சு படிப்பவர்களை முதலில் அலற வைப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் குட்டிச் சொற்கள். 'மீன் பிடிக்கும்', 'மீன் வாங்கினேன்', 'மீன் சாப்பிட்டேன்' என எல்லாவற்றுக்கும் நமக்கு 'மீன்' போதும். பிரெஞ்சுக்காரர்களுக்குப் போதாது.

மீன் என்ற உணவே பிடிக்கும் என்றால் 'லெ ப்வாஸோன்'. கூடையிலிருந்து முழுசாக ஒரு மீனை எடுத்தால் 'அன் ப்வாஸோன்'. குழம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டால் 'த்யூ ப்வாஸோன்'. மார்க்கெட்டில் ஒன்று, தட்டில் ஒன்று என்று நினைவில் வைத்தால் இலக்கணம் பாதி முடிந்தது.

பயப்படவும் வேண்டாம். இந்த மொழியின் சாப்பாட்டு மேசையில் தமிழ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நம் வடவம் புதுச்சேரி வழியாகப் போய் 'வதூவான்' என்ற மசாலாவானது. பாரிஸ் சமையல்காரர்கள்கூட அதை மீனிலும் இறைச்சியிலும் தூவுகிறார்கள். நம் கறி, ரீயூனியன் தீவில் 'காரி'. நம் கட்டுமரம், பிரெஞ்சு அகராதியில் 'கத்தமரான்'.

அங்கேயும் ஒரு காட்டுப்பள்ளி

தெற்கு பிரான்சில், மார்செய் நகரத்துக்கு அருகே மார்த்திக் என்று ஓர் ஊர். பக்கத்தில் 155 சதுர கிலோமீட்டர் பரப்பில் 'பெர்' என்னும் உப்புநீர் ஏரி. ஏரியைக் கடலோடு சேர்ப்பது ஒரு கால்வாய். மடவை மீன்கள் அந்த வழியாகக் கடலுக்குப் போகும்போது குறுக்கே பெரிய வலையைக் கட்டிப் பிடிப்பது அங்கே தலைமுறை வழக்கம்.

நம் கரையோர வீடுகளில் மீன் சினை கிடைத்தால் மிளகாய்த்தூள் பிரட்டி வறுத்துவிடுவோம். மார்த்திக்கில் மடவையின் சினையைப் பை கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, பலகைக்கு நடுவில் அழுத்தி, காய வைக்கிறார்கள். பெயர் 'பூதார்க்'. மெல்லிய துண்டுகளாகச் சீவி ரொட்டியோடு சாப்பிடும் இதன் விலை, கேட்டால் மலைக்க வைக்கும்.

ஒரு பொருளின் ருசி அது விளைந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது என்பது பிரெஞ்சுக்காரர்களின் நம்பிக்கை. அதற்கு 'தெர்வார்' என்று தனிச் சொல்லே உண்டு. ரோக்ஃபோர் சீஸுக்கு 1925-லேயே சட்டப் பாதுகாப்பு கொடுத்த நாடு அது. 2010-ல் அவர்களுடைய விருந்து முறையையே யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது.

ஆனால், அந்த நாடே பெர் ஏரியைக் காப்பாற்றவில்லை. கரையைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. ரசாயன ஆலைகள் வந்தன. 1957-ல் ஏரியில் மீன்பிடிக்கவே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். 1966-ல் ஒரு நீர்மின் நிலையம் வந்து, நல்ல தண்ணீரை ஏரிக்குள் கொட்டி உப்பின் அளவையே மாற்றியது. மீன்பிடி தடை நீங்கியது 1994-ல்தான். நீர்மின் நிலைய விவகாரத்தில் 2004-ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சைக் குற்றம் சாட்டித் தீர்ப்பளித்தது. அதன் பிறகும், 2018 கோடையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மட்டிகள் செத்துப்போயின.

ஒரே ஓர் எழுத்து

காட்டுப்பள்ளிக்குத் திரும்புவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. அதற்கு முன்பே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, கழிமுகத்தின் ஆழம் குறைந்துவிட்டதாக மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

பிரெஞ்சு வகுப்பில் எல்லா ஆசிரியர்களும் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. மீனைக் குறிக்கும் 'ப்வாஸோன்' என்ற சொல்லின் நடுவே இரண்டு 'எஸ்' எழுத்துகள். அதில் ஒன்றை விட்டுவிட்டால், அர்த்தம் விஷம்! தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும்; காதால்தான் பிரிக்க வேண்டும். பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்' என்றால் மீன். வண்டு ரீங்கரிப்பதுபோல ஒலித்தால் விஷம். உணவகத்தில் தப்பாகச் சொன்னால் பரிமாறுபவர் சிரித்துவிட்டுத் திருத்துவார்.

ஆற்றில் அந்தத் தப்பு நடந்தால், திருத்த 37 வருடத் தடைகூடப் போதவில்லை என்பதை பெர் ஏரி காட்டுகிறது. எண்ணூர் கழிமுகத்தில் இன்னும் வலை வீசுகிறார்கள். இன்னும் மடவை கிடைக்கிறது. அதை நம்பி இன்னும் அடுப்பு எரிகிறது.

பிரெஞ்சு படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது கூட்டிப் போங்கள். கூடையிலிருந்து ஒரு மடவையை எடுத்துக் கையில் கொடுத்து, பெயர் சொல்லச் சொல்லுங்கள். அப்படியே, எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று விற்கும் அக்காவிடம் கேட்கவும் பழக்குங்கள். 'தெர்வார்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கேயே புரிந்துவிடும்.