தெரியாதது இங்கிலீஷ் இல்லை, பேஸ்பால்!

புனே பக்கம் ஐடி வேலைக்கு வந்து சேரும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் ஒன்று கவனித்திருக்கிறேன். கோடிங்கில் புலியாக இருப்பார்கள். அமெரிக்க க்ளையண்டோடு கால் என்றால் மட்டும் மியூட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் டீமில் சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஒரு காலில் க்ளையண்ட் இவனிடம் 'பால்பார்க் ஃபிகர்' கேட்க, ஆள் கப்சிப். முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, நமக்கு இங்கிலீஷ் சரிப்பட்டு வராதுண்ணே. பேசாம ஊருக்கே போயிரலாம்னு இருக்கு" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மாட்யூலை முழுசாகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"உனக்குத் தெரியாதது இங்கிலீஷ் இல்ல தம்பி, பேஸ்பால்" என்றேன்.

பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம். பால்பார்க் ஃபிகர் என்றால் குத்துமதிப்பான கணக்கு. 'கர்வ் பால்' வந்தது என்றால் எதிர்பாராத சிக்கல். எல்லாம் அந்த ஆட்டத்தின் பாஷை. பதிலுக்கு நாம் 'ஸ்டிக்கி விக்கெட்' என்று சொல்லிப் பார்க்கலாம். பிட்ச்சை மூடாமல் ஆடிய காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்ச்சில் பந்து எப்படி எகிறும் என்றே தெரியாது. அதனால் இக்கட்டான நிலைமைக்கு அந்தப் பெயர். கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு அது சட்டென்று பிடிபடும். பேஸ்பால்காரர் முழிப்பார்.

இங்கிலீஷ்காரர்களே இதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டிஷாருக்கு உடனே விவாதிப்பது, அமெரிக்கர்களுக்குத் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு தரப்பு அதிகாரிகளும் இந்த ஒரு வார்த்தையால் வெகுநேரம் மல்லுக்கட்டிய கதையைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

தம்பிக்குச் சொன்ன வழி இதுதான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதே. வார்த்தையை விட்டுவிட்டு இடத்தைப் பார். எஸ்டிமேட் பேசும்போது 'ஃபிகர்' என்றால் ஏதோ எண் கேட்கிறார்கள். உடனே நம் வார்த்தையில் திருப்பிக் கேள்: "ரஃப்பா ஒரு நம்பர் போதுமா?" சரி என்றால் அர்த்தம் கையில். இல்லை என்றால் அவரே உடைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் நாலு பேர் வாயில் கேட்கும்வரை நீ எடுத்து விடாதே. புரிவதற்குப் பாதி போதும், பேசுவதற்கு முழுசும் வேண்டும்.

இப்போது மியூட்டை எடுத்துவிட்டுக் கேட்கிறான். ஊருக்குப் போகும் பேச்சு பொங்கல் லீவுக்கு மட்டும்தான்.

வீட்டில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். "வேலைக்காரர் அட்வான்ஸ் வாங்கிட்டுக் கம்பி நீட்டிட்டார்" என்று மனைவியிடம் சொன்னேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்த என் பெண், "எந்தக் கம்பிப்பா? ஜன்னல் கம்பியா?" என்றாள். அர்த்தத்தைச் சொல்லிவிடவில்லை. "அட்வான்ஸ் வாங்கினவர் இன்னைக்கு வந்தாரா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்: "ஓ, ஓடிட்டாரா!"